அளவறிந்து சுரக்கும் கணையம்

உண்பது வேறு, செரிப்பது வேறு. உண்ட உணவு முழுவதும் உடலாக மாறுவதில்லை. செரித்துக் குருதியில் கலந்த பகுதியே உடலை வளர்க்கிறது, எஞ்சியது கழிவாகிறது. இவ்வுண்மை மக்களுக்கும் பொருந்தும். விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் பொருந்தும். கோழி வளர்ப்போர்க்கோ இதுவே வாழ்க்கைக் கணக்காகும். கோழிப் பண்ணையில் ஆகும் செலவில் 100-க்கு ஏறத்தாழ 60 முதல் 70 பங்கு தீனிக்கே செல்கிறது. அத்தீனியில் ஒரு பகுதி செரியாமல் எச்சமாகக் கழியுமானால், உழைப்பவரின் பொருள் மண்ணில் கொட்டப்பட்டதாகும். ஆகவே, எவ்வளவு தீனி இடப்பட்டது என்பதைக் காட்டிலும் எவ்வளவு செரித்தது என்பதே பெரிய வினாவாகும்.

செங்கல்பட்டு மாவட்டத்தின் உட்பகுதியில் ஏரிகளும் நெல்வயல்களும் கருங்கற் குன்றுகளும் நிறைந்துள்ளன. கிழக்கே கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரையிலும் அதற்கு அப்பாலும் கடற்கரை நீண்டு செல்கிறது. வயல்சூழ்ந்த ஊர்களில் நொய்யும் தவிடும் கிடைக்கும். கடலோரக் குப்பங்களில் மணல்வெளியில் மீன் காயும். விடியற்காலையில் கூடையைத் திறந்ததும் வெளியே ஓடும் நாட்டுக்கோழி நெல்மணியைக் கொத்தும், புழுவைக் கொத்தும், கீரையைக் கிள்ளும், சிறு கல்லையும் கிளிஞ்சல் துண்டையும் விழுங்கும். அதற்குப் பல் இல்லை. உணவை மென்று கூழாக்க இயலாத அப்பறவை, கடினமான தானியத்தை எவ்வாறு செரிக்கிறது? அதன் உடலினுள் நிகழும் வேலை வியப்பிற்குரியது.

கோழி விழுங்கிய இரை முதலில் கழுத்தின் அடியிலுள்ள தீனிப்பையில் தங்குகிறது. அங்கே அது நனைந்து மென்மையாகிறது. அடுத்து, சுரப்பு இரைப்பை என்னும் சிறு பையை அடைகிறது. இங்கு அமிலமும், புரதத்தைச் சிதைக்கும் பெப்சினுக்கு மூலமான பொருளும் சுரக்கின்றன. மனிதரின் இரைப்பையில் இவ்விரண்டையும் இருவேறு வகை உயிரணுக்கள் சுரக்கின்றன. கோழியிலோ ஒரே வகை உயிரணு இரண்டையும் சுரக்கிறது.

அதன்பின் இரை அரைவைப்பைக்குச் செல்கிறது. தடித்த தசைகளால் ஆகிய இவ்வுறுப்பே கோழிக்குப் பல்லாகவும் திரிகையாகவும் பயன்படுகிறது. கோழி விழுங்கிய கருங்கல் துணுக்குகள் அமிலத்தில் கரையாமல் இங்கே தங்கித் தானியத்தை அரைக்க உதவுகின்றன. கிளிஞ்சல் துண்டுகளோ சுண்ணாம்புப் பொருளால் ஆனவை. அவை அமிலத்தில் கரைந்து முட்டை ஓட்டிற்கு வேண்டிய கால்சியத்தைத் தருகின்றன. மலை தந்த கல் அரைக்கிறது. கடல் தந்த கிளிஞ்சல் கரைகிறது. ஒரே பறவையின் வயிற்றில் இரண்டிற்கும் வெவ்வேறு வேலை உண்டு. அரைபட்ட இரை சில வேளைகளில் மீண்டும் சுரப்பு இரைப்பைக்குத் தள்ளப்பட்டு, அமிலத்தில் தோய்ந்து, திரும்பவும் அரைவைப்பைக்கு வருவதும் உண்டு.

இவ்வாறு கூழான இரை சிறுகுடலின் முற்பகுதியை அடைகிறது. அப்பகுதி கொண்டை ஊசி போல் வளைந்துள்ளது. அவ்வளைவின் நடுவே வெளிறிய நிறத்தில் நீண்டு கிடக்கும் சுரப்பியே கணையம். கோழியில் பொதுவாக மூன்று கணைய நாளங்களும் இரண்டு பித்த நாளங்களும் அவ்வளைவின் இறுதியில் ஒன்றன் அருகில் ஒன்றாகத் திறக்கின்றன. அவற்றின் வழியே செரிமானச் சாறுகள் குடலுள் பாய்கின்றன.

கணையச் சாற்றின் ஆற்றல் அதிலுள்ள நொதிகளில் அடங்கியுள்ளது. நொதி என்பது உயிர்கள் ஆக்கும் ஒருவகைப் புரதம். அது வேதி மாற்றத்தை விரைவுபடுத்தும். தான் செலவழிந்து போவதில்லை. ஒவ்வொரு பூட்டிற்கும் அதற்குரிய சாவி இருத்தல் போல, ஒவ்வொரு வகை உணவிற்கும் உரிய நொதி உண்டு. அமிலேஸ் மாப்பொருளைச் சர்க்கரையாகச் சிதைக்கிறது. லைப்பேஸ் கொழுப்பைப் பிரிக்கிறது. டிரிப்சின், கைமோடிரிப்சின் ஆகியவை புரதத்தை வெட்டிச் சிறு துண்டுகளாக்குகின்றன.

இங்கு ஓர் ஐயம் எழலாம். புரதத்தைச் சிதைக்கும் நொதி, புரதத்தாலாகிய கணையத்தையே ஏன் சிதைக்கவில்லை? கணையம் டிரிப்சினை ஆற்றல் அடங்கிய நிலையிலேயே ஆக்கி அனுப்புகிறது. உறையில் இட்ட வாள் போன்றது அது. குடலை அடைந்தபின், குடற்சுவரிலுள்ள மற்றொரு நொதி அவ்வுறையை நீக்குகிறது. விடுபட்ட டிரிப்சின் ஏனைய நொதிகளின் உறைகளையும் நீக்குகிறது. வேலைக்குரிய இடத்தை அடைந்த பின்னரே கருவி கூர்மை பெறுகிறது.

கண்ணிற்குத் தெரியாத இவ்வேலையை மனிதர் எவ்வாறு அறிந்தனர்? பதினெட்டாம் நூற்றாண்டில் அறிஞர்களிடையே ஒரு வழக்கு நிகழ்ந்தது. வயிறு உணவை அரைத்தே செரிக்கிறது என்றனர் சிலர்; சாற்றினால் கரைத்துச் செரிக்கிறது என்றனர் வேறு சிலர். பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் 1752-ஆம் ஆண்டில் ஒரு பருந்தைக் கொண்டு இதனை ஆராய்ந்தார். செரிக்க இயலாதவற்றை வாய்வழியே கக்கிவிடுவது அப்பறவையின் இயல்பு. இரு முனைகளிலும் கம்பி வலை பொருத்திய சிறு உலோகக் குழாயில் இறைச்சியை வைத்து அதனை விழுங்கச் செய்தார். குழாய் வெளிவந்தபோது இறைச்சி ஓரளவு கரைந்திருந்தது. குழாயினுள் இருந்ததால் அஃது அரைபட்டிருக்க இயலாது. எனவே சாறே கரைத்தது என்பது தெளிவாயிற்று.

இத்தாலிய அறிஞர் ஸ்பல்லன்சானி இவ்வாராய்ச்சியைக் கோழி, வான்கோழி முதலிய பல உயிர்களில் விரிவாகச் செய்து 1780-ஆம் ஆண்டில் வெளியிட்டார். இரைப்பைச் சாற்றையும் இறைச்சியையும் கண்ணாடிக் குழாயில் அடைத்துத் தம் அக்குளில் வைத்துச் சூடு குறையாமல் காத்தார். உடலுக்கு வெளியிலும் இறைச்சி கரைந்தது. தானியம் உண்ணும் பறவைகளில் அரைவையும் சாறும் ஒன்றுக்கொன்று துணை என்பதும் இவ்வாறு விளங்கிற்று. வழக்கிட்ட இரு சாராரின் கூற்றிலும் பாதி உண்மை இருந்தது.

சாறு உண்டு என்பது தெரிந்தது. அதனைச் சுரக்குமாறு ஏவுவது எது என்பது அடுத்த வினா. நரம்புகளே ஏவுகின்றன என்று நெடுநாள் கருதப்பட்டது. 1902-ஆம் ஆண்டில் இலண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இருவர் நாயின் குடற்பகுதி ஒன்றிற்குச் செல்லும் நரம்புகளை அறுத்துவிட்டு, அப்பகுதியில் அமிலத்தை ஊற்றினர். நரம்புத் தொடர்பு இல்லாதபோதும் கணையம் சுரந்தது. குடலின் உட்சுவரைச் சுரண்டி, அதன் சாரத்தைக் குருதியில் செலுத்தியபோதும் சுரந்தது. குடல் ஒரு பொருளைக் குருதியில் விடுத்துக் கணையத்திற்குச் செய்தி அனுப்புகிறது என்று அவர்கள் கண்டனர். அப்பொருளுக்குச் செக்ரீட்டின் என்று பெயரிட்டனர். இத்தகைய தூதுப் பொருள்களை ஹார்மோன் என்னும் சொல்லால் ஸ்டார்லிங் 1905-ஆம் ஆண்டில் குறிப்பிட்டார்.

நாயில் கண்டதனைத்தையும் பறவைக்கு அப்படியே ஏற்றிவிடுதல் கூடாது. ஆராய்ச்சியாளர் கோழியின் கணைய நாளத்தில் மெல்லிய குழாயைப் பொருத்தி, சொட்டும் சாற்றை மணிதோறும் திரட்டி அளந்தனர். பட்டினி கிடக்கும்போதும் கோழியின் கணையம் முற்றும் ஓய்ந்துவிடுவதில்லை. இரை உண்டதும் சுரப்பு விரைந்து பெருகுகிறது. வேகஸ் என்னும் நரம்பு இவ்விரைவிற்குத் துணைசெய்கிறது. புரதத் துணுக்குகளும் கொழுப்பும் குடலை அடையும்போது கோலிசிஸ்டோகைனின் என்னும் ஹார்மோன் வெளிப்பட்டு, நொதி மிகுந்த சாற்றை வரவழைக்கிறது. வான்கோழியில் செய்த ஆய்வுகளில், செக்ரீட்டினைக் காட்டிலும் குடல் நரம்புகளில் உள்ள வேறொரு பொருளே சாற்றின் நீர்ப்பெருக்கை வலிமையாகத் தூண்டியது. ஏவல் ஒன்றாயினும் ஏவுவோர் உயிருக்கு உயிர் வேறுபடுகின்றனர்.

திரட்டிய சாற்றில் எவ்வளவு நொதி உள்ளது என்று எவ்வாறு அறிவது? நொதியை நிறுத்துப் பார்ப்பதில்லை. அது செய்யும் வேலையையே அளக்கின்றனர். மாப்பொருட் கரைசலில் அயோடின் துளியை இட்டால் நீலநிறம் தோன்றும். அமிலேஸ் மாப்பொருளைச் சிதைக்கச் சிதைக்க, அயோடின் தரும் நீலம் குன்றி மறையும். எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்பதைக் கொண்டு நொதியின் ஆற்றலைக் கணிக்கலாம். கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ் ஆதலின், அவ்வெப்பத்திற்கு அண்மையில் இச்சோதனையைச் செய்தல் பொருத்தமாகும்.

செரிமானத்தை அளக்க மற்றொரு வழியும் உண்டு. செரிக்கவே செரிக்காத டைட்டேனியம் டை-ஆக்சைடு போன்ற ஒரு பொருளைத் தீனியில் சிறிதளவு கலப்பர். எடுத்துக்காட்டாக, உலர்ந்த தீனியில் 1000 பங்குக்கு 3 பங்கு அதனைக் கலந்ததாகக் கொள்ளலாம். சிறுகுடலின் இறுதியில் எடுத்த உலர்ந்த கூழில் அது 1000-க்கு 9 பங்காக இருந்தால், கூழ் மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிட்டது என்பது பொருள். அதாவது, தீனியின் மூன்றில் இரண்டு பகுதி செரித்து உடலில் சேர்ந்தது. எச்சத்தை விடுத்துச் சிறுகுடலின் இறுதியை ஏன் ஆராய வேண்டும்? பறவையின் சிறுநீரும் மலமும் ஒரே வழியில் கலந்து வெளிப்படுகின்றன. மேலும், பெருங்குடற் பகுதியில் வாழும் நுண்ணுயிர்கள் எஞ்சிய உணவை மாற்றிவிடுகின்றன. ஆதலின் எச்சம் முழு உண்மையைக் கூறாது.

கணையம் இரையின் தன்மைக்கேற்பத் தன் சுரப்பை மாற்றிக்கொள்கிறது. மாப்பொருள் மிகுந்த தீனியைத் தொடர்ந்து உண்டால் அமிலேஸ் கூடும். புரதம் மிகுந்தால் புரத நொதிகள் கூடும். கொழுப்பு மிகுந்தால் லைப்பேஸ் கூடும். இம்மாற்றம் ஒரே நாளில் நிறைவுறுவதில்லை. அதனால்தான் பழைய தீனியை ஒரே நாளில் நிறுத்திப் புதிய தீனிக்கு மாறாமல், இரண்டையும் சில நாள் கலந்து கொடுத்தல் நலமென்பர்.

இவ்வொழுங்குமுறையை மிகத் தெளிவாகக் காட்டியது சோயா மொச்சையாகும். பச்சைச் சோயாவைவிடச் சூடேற்றிய சோயாவே எலிகளை நன்கு வளர்க்கிறது என்று ஆஸ்பார்ன், மெண்டல் என்போர் 1917-ஆம் ஆண்டில் கண்டனர். டிரிப்சினைப் பற்றிக்கொண்டு அதன் வேலையைத் தடுக்கும் பொருள் ஒன்று சோயாவில் உண்டு என்பது பின்னர்த் தெரியவந்தது. 1945-ஆம் ஆண்டில் குனிட்ஸ் அதனைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். 1948-ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செர்னிக், லெப்கோவ்ஸ்கி, சைகாஃப் என்னும் மூவர் பச்சைச் சோயாவைக் கோழிக்குஞ்சுகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தனர். குஞ்சுகளின் உடல் வளர்ச்சி குன்றியது, கணையமோ பெருத்தது!

உடல் மெலியக் கணையம் மட்டும் பெருப்பது ஏன்? குடலில் டிரிப்சின் போதிய அளவு இருக்கும்போது, இனிச் சுரக்க வேண்டா என்ற குறிப்பு கணையத்திற்குக் கிடைக்கிறது. சோயாவிலுள்ள தடைப்பொருள் டிரிப்சினைச் சிறைப்பிடித்துவிட்டால் அக்குறிப்பு கிடைப்பதில்லை. நொதி போதவில்லை என்று கொண்டு கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. ஓயாத உழைப்பால் பெருக்கிறது. சுரந்த நொதியும் தடையில் சிக்கிக் கழிவோடு வெளியேறுகிறது. நொதியும் புரதமே அன்றோ? அதனை ஆக்குவதற்குச் செலவான அரிய அமினோ அமிலங்களும் உடன் இழக்கப்படுகின்றன. இறைக்க இறைக்க ஓட்டைச் சாலில் ஒழுகிப்போகும் நீர் போல, பறவையின் சத்து வீணாகிறது.

நோய்க்குக் காரணம் தெரிந்தமையால் மருந்தும் தெரிந்தது. தக்க அளவு சூடேற்றினால் தடைப்பொருள் அழிகிறது. சூடு மிகுந்தாலோ லைசின் என்னும் அமினோ அமிலம் உடலுக்குப் பயன்படாத நிலையை அடைகிறது. இரண்டிற்கும் இடையே அளவு காண வேண்டும். சோயாவில் யூரியேஸ் என்னும் வேறொரு நொதியும் உண்டு. அதுவும் சூட்டில் அழியும். அதனைச் சோதிப்பது எளிது. ஆகவே தீனி ஆய்வுக்கூடங்களில் யூரியேஸ் எஞ்சியிருக்கிறதா என்று பார்த்து, சோயாப் பிண்ணாக்குப் போதிய அளவு சூடேற்றப்பட்டதா என்று அறிகின்றனர். மத்தியப் பிரதேசம் முதலிய இடங்களிலிருந்து தமிழ்நாட்டுப் பண்ணைகளுக்கு வரும் பிண்ணாக்கிற்கும் இச்சோதனை உரியது.

உலகின் பல இடங்களில் திரண்ட இவ்வறிவு, உள்ளூர்த் தீனியில் பயன்பட்டாலன்றி உழவர்க்கு நன்மை தராது. அப்பணி செங்கல்பட்டு மாவட்டத்திலும் நடைபெறுகிறது. 1903-ஆம் ஆண்டில் சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1989-ஆம் ஆண்டில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. சென்னையிலிருந்து செங்கல்பட்டுக்குச் செல்லும் பெருஞ்சாலையில், கூடுவாஞ்சேரிக்கு அப்பால் உள்ள காட்டுப்பாக்கத்தில் அப்பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் உரிய உணவை ஆராயும் பிரிவு அங்கே உண்டு. எப்பொருளில் என்ன சத்து உள்ளது, அதில் எவ்வளவு செரிக்கும் என்பன இத்தகைய நிலையங்கள் விடைகாணும் வினாக்களாகும்.

நெல் விளையும் நாட்டில் தவிடு எளிதில் கிடைக்கும். தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி. ஆயினும் அதன் பெரும்பகுதி பைட்டேட் என்னும் சேர்மத்தில் கட்டுண்டு கிடக்கிறது. அக்கட்டை அவிழ்க்கும் பைட்டேஸ் நொதி கோழியின் குடலில் போதிய அளவு இல்லை. கையில் இருந்தும் திறக்க இயலாத பெட்டி போன்றது அச்செல்வம். செரியாத பாஸ்பரஸ் எச்சத்தோடு வெளியேறி, மழைநீரில் ஏரியை அடைந்தால் பாசி பெருகி நீரும் கெடும். பூஞ்சைகளைக் கொண்டு பைட்டேஸை ஆக்கித் தீனியில் கலக்கும் முறை 1991-ஆம் ஆண்டு முதல் வழக்கத்திற்கு வந்தது. பறவையின் உடல் சுரக்காத நொதியை மனிதர் தீனியோடு சேர்க்கின்றனர். தவிட்டின் சத்து கோழிக்குச் சேர்கிறது. ஏரிக்குச் செல்லும் மாசும் குறைகிறது.

கடற்கரையில் காயும் மீனும் சிறந்த புரதத் தீனியாகும். அதன் புரதம் நொதிகளுக்கு எளிதில் வசப்படும். ஆயினும் உப்பிட்ட கருவாடு கோழிக்கு ஏற்றதன்று. உப்பு மிகுந்தால் கோழி அளவுக்கு மேல் நீர் பருகும், எச்சம் நீர்த்துப்போகும், உடலும் நலியும். உப்பிடாமல் தூய்மையாக உலர்த்திய மீனே தீனிக்கு உரியது.

குஞ்சுகளைப் பற்றியும் நொதியாராய்ச்சி ஓர் உண்மையைக் கூறுகிறது. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சின் வயிற்றில் மஞ்சட்கருவின் ஒரு பகுதி எஞ்சியிருக்கும். அது சில நாட்களில் செலவாகிவிடும். அதனை நம்பித் தீனியிடாது காலந்தாழ்த்துதல் தவறாகும். குடலும் கணையமும் இரை வர வரத்தான் வளர்கின்றன. நொதிகளின் அளவும் முதல் இரண்டு வாரங்களில் படிப்படியாக உயர்கிறது. விரைவில் நீரும் எளிதில் செரிக்கும் தீனியும் பெற்ற குஞ்சு நன்கு தேறும்.

இவ்வறிவெல்லாம் வாயில்லா உயிர்களின் துணையால் கிடைத்தது என்பதை மறத்தல் ஆகாது. மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையின் தொடக்கத்தில் உள்ள திருவான்மியூரில் கலாசேத்திரம் விளங்குகிறது. அதனை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது விலங்குவதைத் தடுப்பிற்காக ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அவர் முயற்சியின் பயனாக 1960-ஆம் ஆண்டில் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறிற்று. 1962-ஆம் ஆண்டில் அமைந்த விலங்குநல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. ஆராய்ச்சியில் விலங்குகள் வீணே துன்புறாதவாறு மேற்பார்வை செய்யவும் அச்சட்டம் வழிவகுத்தது. தீனியைப் பெப்சினோடும் கணைய நொதிகளோடும் கண்ணாடிக் கலத்தில் சேர்த்து, உடல் வெப்பத்தில் வைத்துச் செரிமானத்தை ஒப்பிடும் முறையும் இன்று உண்டு. இதனால் பல சோதனைகளில் பறவைகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம்.

ஒரு கோழியின் குடல் வளைவினுள் அடங்கிய சிறு சுரப்பி, வரும் இரையின் தன்மையை அறிந்து, வேண்டிய நொதியை வேண்டும்போது வேண்டிய அளவு சுரக்கிறது. தடை நேர்ந்தால் தன்னை வருத்தியும் உழைக்கிறது. அதன் அளவை அறிந்து தீனி அமைப்பது மனிதரின் கடமை. தவிட்டையும் பிண்ணாக்கையும் மீனையும் வெறும் எடையால் மதிக்காமல், அவை தரும் செரிமானத்தால் மதிக்கும் குடும்பத்தில் தீனி வீணாகாது, கோழியும் நலம்பெறும், நீர்நிலையும் தூய்மையாக இருக்கும்.